ஒருவரையும் விடாத அறிவித்தல்

கதவு திறந்தபடியே இருக்கட்டும், தங்கச்சி. உள்ளே நாலு பேர் படுத்திருக்கிறார்கள், ஹோட்டல் வேலை முடித்து விடிய வந்தவர்கள், எழுப்பக்கூடாது. இந்தப் படியில் இருங்கோ. நான் இரண்டு படி கீழே இருக்கிறேன். கேட்கும்தானே?

நீங்கள் ஜெகதாம்பிகை. வவுனியா. திங்கட்கிழமை தொடக்கம் நொத்தாரிசு வீட்டில் வேலை. லோகன் எல்லாம் சொன்னான். அந்த வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு பலெர்மோவில் என்னைவிட்டால் ஆளில்லை என்று உங்களை இங்கே அனுப்பியிருக்கிறான். அது சரிதான். ஆளில்லை.

ரோட்டிலிருந்து வீட்டுக் கதவுக்கு எண்பத்தெட்டுப் படி. லிப்ட் இருக்கிறது. நான் இருந்த பதினொரு வருடம் எட்டு மாதத்தில் அது நாலு வருடம் ஓடியது. அதை நம்பி மரக்கறிப் பையைப் பாரமாகக் கட்டாதேயுங்கோ. நொத்தாரிசின் மனைவி, சிஞ்ஞோரா எர்சீலியாவுக்கு எண்பத்துநாலு வயது. கோப்பிக்கு முன்னம் ஒரு மருந்துக் குளிசை, பின்னம் இரண்டு. சீனி வருத்தம். கோப்பிக்குச் சீனி போடக்கூடாது, ஆனால் போட்டதுபோலக் கலக்கவேண்டும். கரண்டிச் சத்தம் அவருக்குக் கேட்கவேண்டும். எட்டுத் தரம் கலக்கினால் போதும். ஐந்தில் நிறுத்தினால் "சீனி போடவில்லை" என்று கோப்பையைத் தள்ளிவிடுவார்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

என்னை ஏன் வேலையால் நிற்பாட்டினார்கள் என்று லோகன் சொன்னானா? களவு என்று சொல்லவில்லையே? அப்படி யாரும் சொன்னால் நம்பாதேயுங்கோ. நான் ஒரு அறிவித்தல் அடித்தேன். மரண அறிவித்தல். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதற்காகத்தான் நிற்பாட்டினார்கள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இனி வேறு வீடு தேடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நொத்தாரிசு காலமானபிறகு சிஞ்ஞோராவே சொன்னார், "குணா, நீ எங்கே போகப்போகிறாய், இங்கேயே இரு" என்று. குசினிக்குப் பின்னால் ஒரு அறை, ஏழடிக்கு ஒன்பதடி. கட்டிலில் இருந்தபடியே துறைமுகத்துக் கப்பல் தெரியும். அந்த அறையில் சாகிறது என்றுதான் இருந்தேன். இப்போது இங்கே ஐந்தாவது ஆளாக இருக்கிறேன். காலையில் சந்தையில் மீன்பெட்டி கழுவுகிறேன்.

இத்தாலிக்காரரின் இந்தத் தீவு கெட்ட இடமில்லை, தங்கச்சி. நீங்கள் வந்து நாலு மாதம் என்றால் இன்னும் எல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். விசா புதுப்பிக்க வரிசையில் நின்றால் எனக்கு அறுபத்தோராம் இலக்கம் தருவார்கள், ஐம்பத்தேழோடு யன்னலைச் சாத்துவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடும். எனக்குப் பகலில் நித்திரை வராது, குசினிக் கதிரையில் மூன்று மணித்தியாலம் சும்மா இருப்பேன். சிரோக்கோ என்று ஒரு காற்று. ஆபிரிக்காவிலிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பல்கனி முழுக்கக் கொட்டும். துடைத்து முடிய மறுபடி அடிக்கும். ஆட்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள், "நாளைக்கு" என்பார்கள். அந்த நாளைக்கு எந்தக் கிழமை என்று கேட்டால் கோபம் வரும்.

ஆனால் மீன் நல்ல மீன். எங்கள் சூடை மாதிரியே ஒரு மீன், காலையில் பிடித்தது மத்தியானம் சட்டியில். கத்தரிக்காய் எங்கள் ஊர்க் கத்தரிக்காயைவிட ருசி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் பால்கறி வைத்தால் நொத்தாரிசு பாண் துண்டால் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுவார். சிஞ்ஞோரா மூக்கைச் சுளித்துவிட்டு, நான் அங்கால் போனதும் ஒரு கரண்டி எடுப்பார். கரண்டி ஈரமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

நொத்தாரிசு ஸ்கார்லாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் உள்ளதுபோல காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுதான். நாற்பத்திரண்டு வருடம் எழுதியவர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தெளிவு. குளிக்கவார்ப்பது, சவரம் எடுப்பது, கதிரையில் இருத்துவது எல்லாம் நான். அந்த வீட்டில் எல்லோரும் என்னை நீ என்பார்கள், அவர் ஒருவர்தான் நீங்கள் என்பார். ஒருநாள் சொன்னார், "குணா, இந்தத் தீவில் எண்ணத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர் நீங்கள்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்படி ஒருவர் எனக்கு அதற்கு முன்னம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் சிஞ்ஞோரா மாதா கோயில் பூசைக்குப் போவார். சரியாகப் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். நான் எடுத்து, ஒன்றும் பேசாமல், நொத்தாரிசின் வலக்காதில் பிடிக்கவேண்டும். ஒரு பெண் பேசும். இருபது நிமிடம், சிலவேளை இருபத்தைந்து. முதல்நாளே நொத்தாரிசு சொல்லிவிட்டார், "இது என் மகள் நுன்சியா. ட்ராப்பனியில் இருக்கிறாள். சிஞ்ஞோராவுக்குச் சொல்லவேண்டாம்." வேறு ஒரு அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை. நான் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளின் பிறந்தநாளையும் ஞாபகப்படுத்தச் சொல்லியிருந்தார், அதனால் மூன்றும் என் கொப்பியில் எழுதி இருந்தன. மகன் கொராடோ மூத்தவர், மிலானோவில். அடுத்தது நுன்சியா. மூன்று வருடம் கழித்து டோனாத்தா. அவள்தான் பலெர்மோவில் இருக்கிறவள். உங்களோடு வேலைக்குப் பேசியவள்.

பிறகு என்னுடைய மனுசி ஊரில் காலமானாள். மங்கையர்க்கரசி. என் விசா அப்போது புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே வரமுடியாது. நான் போகவில்லை. மைத்துனர் அறிவித்தல் அடித்து அனுப்பியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். நொத்தாரிசு கூப்பிட்டார்.

"அது என்ன, பத்திரமா?"

"செத்தவீட்டு அறிவித்தல்."

"வாசியுங்கள்."

"இது தமிழ்."

"தெரிகிறது. வாசியுங்கள்."

ஒவ்வொரு பெயராக வாசித்து, யார் யாருக்கு என்ன முறை என்று சொன்னேன். இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் சகோதரியும் என்று போகும்தானே. நாற்பத்துமூன்று பெயர், ஏழு நாடு. நொத்தாரிசு எல்லாம் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் என்ன என்று கேட்டார்.

"இருக்கிற இடம். கனடா, லண்டன், ஜெர்மனி. இது நான். குணநாயகம், அடைப்புக்குள் இத்தாலி."

"வராதவர்களையும் போடுவீர்களா?"

"வராதவர்களைத்தான் கட்டாயம் போடவேண்டும்."

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி நல்ல கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வருடம் உறுதி எழுதிய மனிதர், தங்கச்சி. "ஒருவரையும் விடவில்லை" என்றார். "எனக்கு இப்படி ஒருவரும் எழுதப்போவதில்லை, குணா."

இதை நீங்கள் என்னவென்று எடுப்பீர்கள்? நான் கட்டளை என்று எடுத்தேன். நொத்தாரிசு வீண்பேச்சுப் பேசுகிறவர் இல்லை.

அதற்கு மூன்று வருடம் பிறகு, பெப்ரவரியில், காலை ஆறு பத்துக்கு அவர் போனார். நான்தான் கண்ணை மூடிவிட்டேன்.

இங்கேயும் அறிவித்தல் ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கரை போட்டுச் சுவரிலே. எங்கள் ஊரில் கரண்ட் கம்பத்தில் ஒட்டுவதுபோலத்தான். பிள்ளைகள் அடித்து ஒட்டினார்கள். மனைவி எர்சீலியா, பிள்ளைகள் கொராடோ, டோனாத்தா, மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று பேர். எட்டுப் பெயர். அதற்குக் கீழே டொக்டருக்கு நன்றி, பெயர் போட்டு. டொக்டர் இரண்டு வருடத்தில் ஐந்து தரம் வந்தவர். ஐந்தாம் தரம் வந்தபோது நொத்தாரிசு போய் நாற்பது நிமிடம். நான் நாலாயிரத்து இருநூற்று ஐம்பது நாளுக்கு மேல் இருந்தவன்.

என் பெயர் இல்லை என்று நான் கோபிக்கவில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். லோகன் அப்படிச் சொல்லியிருந்தால் அது பிழை. ஒன்பது சுவரில் பார்த்தேன், ஒன்பதிலும் இல்லை, அவ்வளவுதான். எனக்கு மனதை உறுத்தியது நுன்சியாவின் பெயர் இல்லாததுதான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அறிவித்தல் அடிக்கிறதா? எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியையும் போடுவோம். போடாவிட்டால் அது செத்தவருக்குக் குறை.

முப்பதாம் நாளுக்கு இவர்கள் ஒரு பூசை வைப்பார்கள். எங்கள் அந்தியேட்டி மாதிரி. அதற்கும் சுவரில் ஒட்டுகிற வழக்கம் உண்டு. பிள்ளைகள் அதற்கு ஒன்றும் அடிக்கவில்லை. அப்போது நான் அடிக்கலாம்தானே? கலோஜெரோ என்று ஒருவன், சந்தைக்குப் பின்னால் அறிவித்தல் அடிக்கிற வேலை செய்கிறவன். அவனிடம் போனேன். எனக்கு அவர்கள் பாஷை எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

"பிள்ளைகள்?"

"கொராடோ. அடைப்புக்குள் மிலானோ. நுன்சியா. அடைப்புக்குள் ட்ராப்பனி. டோனாத்தா. அடைப்புக்குள் பலெர்மோ."

அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நொத்தாரிசுக்கு ட்ராப்பனியில் மகளா?"

"ஓம்."

"அதுவும் நடுவிலா?"

"வயது வரிசை."

"பெரியவரே, இதை வீட்டில் கேட்டீர்களா?"

"நீ தட்டு."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு தட்டினான். மாதாவே, இந்த வருடத்தில் இதுதான் நல்ல அறிவித்தல் என்று தனக்குள் சிரித்தான். பேரப்பிள்ளைகள், நொத்தாரிசின் சகோதரங்கள், செத்துப்போன தாய் தகப்பன், எல்லாம் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஊர். இருபத்தாறு பெயர் வந்தது. கடைசியில், "நீங்கள்? உங்களைப் போடவேண்டாமா?" என்று அவனே கேட்டான். நான் கேட்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கோ. அவன்தான் கேட்டான்.

"போடு."

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

வேலைக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. நண்பர் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. கடை வாசலில் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். "பெயரை மட்டும் போடு" என்றேன். "குணநாயகம். அடைப்புக்குள் கரவெட்டி."

"அது எங்கே இருக்கிறது?"

"நீ எழுத்தைக் கேள், எழுது."

இருபத்துநாலு பிரதி. வியாழக்கிழமை காலை ஒட்டுகிறவன் ஒட்டினான், நானும் கூடப் போனேன், கோணலாக ஒட்டாமல் பார்க்க. கோயில் வாசல், மருந்துக்கடை, பாண்கடை, வீட்டுப் பெரிய கதவுக்கு இரண்டு பக்கமும். திரும்பி வந்து சிஞ்ஞோராவுக்குக் கோப்பி கலக்கினேன்.

பத்து மணிக்கு டோனாத்தா வந்தாள். கையில் கிழித்தெடுத்த மூன்று. பசை காயவில்லை. குசினி மேசையில் போட்டாள்.

"இது யார் வேலை?"

"என்னுடைய வேலை."

"உனக்குப் பைத்தியமா? யார் சொன்னது உனக்கு?"

"நொத்தாரிசு."

"செத்தவர் எழும்பி வந்து சொன்னாரோ?"

"இருக்கும்போது சொன்னவர்."

"இந்தப் பெயரைப் போடு என்று சொன்னாரா? சொல்! இந்தப் பெயரை?"

"ஒருவரையும் விடக்கூடாது என்று சொன்னவர்."

அவள் விரலை அந்த வரியில் வைத்துக் குத்தினாள். "எனக்கு முன்னால்! எனக்கு முன்னால் போட்டிருக்கிறாய்!"

"அவர் உங்களுக்கு மூன்று வயது மூப்பு" என்றேன். வேறு என்ன சொல்ல? கொப்பியைக் கொண்டுவந்து காட்டவா என்றும் கேட்டேன். அவள் ஒரு கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தாள். ஆறு கோப்பைச் செட், இப்போது ஐந்து இருக்கும். நீங்கள் எண்ணிப் பாருங்கோ.

சிஞ்ஞோரா எழும்பி மேசைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பிரதியை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். இருபத்தேழு பெயரையும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"கோயில் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"மூலை திரும்பினால் வந்துவிடும். உங்கள் நடையில் ஆறு நிமிடம்."

"பூசை எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம்."

"ஞாயிற்றுக்கிழமையில் நான் எப்போது போய் எப்போது வருவேன்?"

"ஒன்பதரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வருவீர்கள்."

"மழையிலும்?"

"மழையிலும்."

"மிச்ச நேரம் நான் எங்கே இருந்தேன் என்று நினைத்தீர்கள்?"

நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை. "சினேகிதிகளோடு கதைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்" என்றேன்.

"கோயில் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்" என்றார் சிஞ்ஞோரா. "தனியாக. நாற்பது வருடம். என் வீட்டில், என் தொலைபேசி, நான் இல்லாத நேரம் அடிக்கட்டும் என்று."

டோனாத்தா "மம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிஞ்ஞோரா அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை. "இப்போது பாண்கடைக்காரிக்கும் தெரியும்" என்றார்.

கோயில் வாங்கை ஏன் இதற்குள் கொண்டுவந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கினாலும் என்ன, அறிவித்தல் பிழையாகிவிடுமா? நான் சிஞ்ஞோராவுக்குச் சொல்லவில்லை. நொத்தாரிசு சிஞ்ஞோராவுக்குச் சொல்லவேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை. சுவரில்தான் ஒட்டினேன். ஒரு ஆறுதல் இருக்கிறது. பதினொரு வருடம் நீ, நீ என்று கூப்பிட்ட சிஞ்ஞோரா அன்றைக்கு என்னை நீங்கள் என்றார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கள், பிறகு போய்விடுங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை என்றால் அடுத்தநாள்.

நுன்சியாவையும் கேட்கிறீர்களா? வந்தார். சனிக்கிழமை முப்பதாம் நாள் பூசை, மாலை ஆறு மணிக்கு. நான் உள்ளே போகவில்லை, கோயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, கறுப்புக் கோட் போட்ட ஒரு பெண் தனியாக வந்தார். ட்ராப்பனியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். ஒருவருக்கும் தெரியாமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வாசலில் அறிவித்தலைக் கண்டு நின்றுவிட்டார்.

நான் ரோட்டைக் கடந்து போனேன். நல்ல வார்த்தை ஒன்று கிடைக்கும் என்று போனேன், ஒளிப்பானேன். அந்த ஒரு ஆளாவது சொல்லவேண்டும்தானே? "நான்தான் குணா" என்றேன். "தொலைபேசி பிடிக்கிறவன்."

அவர் என்னைப் பார்த்தார். அதே குரல். "இதில் என் பெயரைப் போடச்சொல்லி நான் உங்களைக் கேட்டேனா?"

"நீங்கள் மகள். விடக்கூடாது."

"என் புருசனுக்குத் தெரியாது. என் பிள்ளைகளுக்குத் தெரியாது. ட்ராப்பனிக்காரர் இந்த ரோட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா?"

அதை நான் எண்ணவில்லை. சொன்னேன், "எண்ணவில்லை" என்று.

அவர் நகத்தால் தன் பெயரைச் சுரண்டினார். பசை நன்றாகப் பிடித்துவிட்டது, நல்ல பசை. முதல் இரண்டு எழுத்துத்தான் போனது. அடைப்பும் ஊரும் அப்படியே இருந்தன. உள்ளே மணி அடித்தது. பூசை தொடங்கிவிட்டது. அவர் உள்ளே போகவில்லை. பஸ் நிலையப் பக்கம் நடந்தார். நான் பின்னால் கொஞ்ச தூரம் போய்விட்டு நின்றுகொண்டேன். தகப்பனுக்கு ஒரு பூசை, ஒரு கடைசி வாங்கு, அதற்குத்தான் வந்தவர். இதைச் சொன்னால் டோனாத்தா மாதிரி நீங்களும் என்னைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பார்க்கிறீர்கள். பாருங்கோ. இருபத்தேழு பெயரில் எது பிழை என்று நீங்களே சொல்லுங்கோ. ஒன்று சொல்லுங்கோ.

சரி. எழும்பப் பார்க்கிறீர்கள். நான் கதைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். இவ்வளவு கதைக்கிறவன் இல்லை நான்.

திங்கட்கிழமை சிஞ்ஞோரா கேட்டாலும் கேட்பார், உங்கள் ஆட்களில் குணா என்று ஒருவர், தெரியுமா என்று. தெரியாது என்று சொல்லுங்கோ. பலெர்மோவில் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோரையும் தெரியவேண்டும் என்றில்லை. கரவெட்டிக்காரர் என்று அவர் சொன்னாலும், கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லுங்கோ. என் பெயர் உங்கள் வாயில் வந்தால் உங்களையும் அனுப்பிவிடுவார்கள். அவருக்கு ஆள் வேண்டும். அவரால் தனிய இருக்க ஏலாது.

இன்னும் ஒன்று. அவருடைய படுக்கையறையில் வலப்பக்க யன்னலுக்கு இழுத்துச் சுருட்டுகிற மறைப்பு ஒன்று இருக்கிறது. அதன் பட்டி உள்ளே நைந்துவிட்டது, வெளியே பார்த்தால் தெரியாது. மாற்ற இருந்தேன், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையில் அதைத் தானே இழுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். விடாதேயுங்கோ. அறுந்தால் முழுப் பாரமும் கையில் வந்து விழும். போன உடனே ஆளைப் பிடித்து மாற்றுங்கோ. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நீங்களே பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கோ.